சாம்பிள் பேசட்டும்

ரகுபதி தன் நாற்பது வயதுவரை தன் மலத்தைத் திரும்பிப் பார்த்தது கிடையாது. இதில் அவன் குற்றம் ஏதுமில்லை. மீசை அரும்புகிற வயதில் காசிமேட்டில் விசைப்படகு ஏறியவன் அவன். படகில் அந்தக் காரியத்துக்கென்று தனி அறை கிடையாது. பின்பக்க விளிம்பில் குந்திக்கொண்டு ஒரு கையால் கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். மிச்சத்தைக் கடல் பார்த்துக்கொள்ளும். என்ன நிறம், என்ன வடிவம் என்று திரும்பிப் பார்க்கிறவன் அடுத்த அலைக்குத் தண்ணீரில் கிடப்பான். ஆகவே நெட்டுக்குப்பத்திலிருந்து படகுக்குப் போகிற ஆண்களுக்கு இந்த விஷயத்தில் அபிப்பிராயம் என்று ஒன்றுமே இருந்ததில்லை.

அந்த வருஷ மீன்பிடித் தடைக்காலத்தில் படகு முதலாளி குணசேகரன் தன் ஆட்கள் எல்லோருக்கும் சேர்த்து இன்ஷூரன்ஸ் எடுத்தார். நல்ல காரியம்தான். ஆனால் ஆட்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று சுகசாகரம் மருத்துவமனை சான்று கொடுத்தால்தான் உண்டு என்றது கம்பெனி. நோயே வராதவனாகப் பார்த்து நோய்க்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பது என்ன தர்மமோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. போகட்டும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் முழுக்கக் கண்ணாடியாலேயே கட்டிய சுகசாகரத்திலிருந்து ஒரு வேன் நெட்டுக்குப்பத்துக்கு வந்து முகாம் போட்டது. ரத்த அழுத்தம் பார்த்தார்கள், கண்ணில் டார்ச் அடித்தார்கள், கடைசியில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் டப்பாவைக் கையில் கொடுத்து மறுநாள் காலையில் நிரப்பி எடுத்துவரச் சொன்னார்கள்.

மற்றவர்கள் எல்லோருக்கும் 'ஃபிட்' என்று சான்று வந்துவிட்டது. ரகுபதிக்கு மட்டும் போன் வந்தது. அவன் மலம் கறுப்பு, அதில் ரத்தம் இருப்பதாகச் சோதனை சொல்கிறது, உடனே வந்து படுக்கவும் என்றார்கள்.

ரகுபதி அந்தப் படகின் டிரைவர். காசிமேட்டில் ஒரு வழக்கம் உண்டு. தடை நீங்கும் நாளில் முதல் தடவை யார் சக்கரத்தைப் பிடித்து வெளியே போகிறானோ அவனுக்குத்தான் அந்த வருஷம் முழுக்கச் சக்கரம். அதன் பிறகு வேறு ஆளை மாற்றினால் படகுக்கு ஆகாது என்பார்கள். எனவே குணசேகரன் வருத்தத்தோடு, ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார். தடை நீங்குவதற்குள் சான்றோடு வந்தால் சக்கரம் ரகுபதிக்கு. வராவிட்டால் காத்திருக்கும் இன்னொருவனுக்கு. சக்கரம் போனால் ரகுபதி வலை இழுக்கிற ஆளாகத் திரும்ப வேண்டும், அதுவும் எவனாவது சேர்த்துக்கொண்டால். அவனுக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனால் கலக்கியும் கறுப்பாகத்தான் வந்தது. இப்போது அவன் திரும்பிப் பார்க்கத் தொடங்கியிருந்தான்.

சுகசாகரத்தில் அவனை ஒரு மணி நேரம் வெளியே மின்விசிறியடியில் நிற்கவைத்தார்கள். அவனுடைய சாம்பிளை மட்டும் மரியாதையாக உள்ளே அழைத்துப்போய்க் குளிரூட்டிய அறையில் வைத்தார்கள். ரகுபதிக்கும் டப்பாவுக்கும் ஒரே எண்ணில் பட்டை கட்டியிருந்தார்கள். தான் எப்போது உள்ளே போகலாம் என்று அவன் கேட்டபோது, "சாம்பிள் செட்டில் ஆகட்டும்" என்றாள் நர்ஸ் செங்கொடி.

மலப் பிரிவின் நீண்ட வராந்தாவில் ஏழு படங்கள் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. கட்சி ஆபீஸில் தலைவர்கள் படம் மாட்டியிருப்பார்களே, அதே உயரம், அதே வரிசை. முதல் படத்தில் ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டைகள். ஏழாவதில் வெறும் தண்ணீர். நடுவிலிருந்த நாலாவது படம் வழவழவென்று, வாழைப்பழ வடிவில், எல்லோருக்கும் வாய்க்காத ஒரு நிறைவோடு இருந்தது. அதற்கு மட்டும் தனி விளக்கு எரிந்தது. டாக்டர்கள் அதைக் கடக்கும்போது நடையைச் சற்றுத் தளர்த்தியதை ரகுபதி கவனித்தான். ஒருவர் கண்ணைக்கூட மூடினார்.

பிரிவின் தலைவர் டாக்டர் ஜெகதீசன். ரகுபதி உள்ளே நுழைந்ததும் அவர் எழுந்து நின்றார். வணக்கம் சொன்னது மேசைமீதிருந்த டப்பாவுக்கு. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பெயிண்ட் கடையில் தருகிற நிற அட்டை போன்ற ஒன்றை அதன் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். கருப்பட்டி நிறம் என்றார். பக்கத்திலிருந்த உதவி டாக்டர் வறுத்த காப்பிக்கொட்டை என்றார். வாக்குவாதம் முற்றியது. மூன்றாவது டாக்டரை வரவழைத்தார்கள். அவர் இரண்டு பேருக்கும் மனம் நோகாமல், கருப்பட்டி போட்ட காப்பி என்று எழுதினார்.

"சார், நான் ஒண்ணு சொல்லட்டா?" என்றான் ரகுபதி.

டாக்டர் ஜெகதீசன் கையை உயர்த்தினார். "நீங்கள் பேச வேண்டாம். சாம்பிள் பேசட்டும். முப்பது வருட அனுபவத்தில் சொல்கிறேன், வயிற்றுக்குள்ளிருந்து வருகிற ஒரே நேர்மையான சாட்சி மலம்தான். நோயாளி பொய் சொல்வார், மறந்துபோவார், இடையில் தன் குடும்பக் கதையைச் சொல்வார். நாங்கள் நோயாளியை எதுவும் கேட்பதில்லை. அதுதான் இந்த மருத்துவமனையின் சிறப்பு."

அப்படியும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். வழக்கமாக என்ன நிறம் என்று. கடலைத்தான் சார் கேக்கணும் என்றான் ரகுபதி. அதை அப்படியே எழுதிக்கொண்டு, மனக்குழப்பம் உண்டு என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

ரகுபதியின் மனைவி மங்கம்மா அன்று மாலை வந்தாள். எண்ணூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். உடம்பிலிருந்து ரத்தம் போகிறது என்று டாக்டர் அவளிடம் சொன்னதும் அவள் அழவில்லை. அவள் அழுகிற ஆள் இல்லை. ஒன்று குறைந்தால் அதையே கொண்டுவந்து நிரப்ப வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த கணக்கு. மறுநாள் விடிந்ததும் கறிக்கடைக்குப் போய் அப்போதுதான் அறுத்த ஆட்டின் ரத்தத்தைப் பாத்திரத்தில் வாங்கினாள். வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்த் துருவல் போட்டு ரத்தப் பொரியல் செய்து கேரியரில் அடைத்து எடுத்துவந்தாள்.

இந்த இடத்தில் வாசகருக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவது நல்லது. முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமையும் அவர்கள் வீட்டில் ரத்தப் பொரியல்தான். ஆட்டு ரத்தம் தின்றவன் மலம் கறுத்துத்தான் போகும். சோதித்தால் ரத்தம் இருப்பதாகத்தான் சோதனை சொல்லும். ஆட்டு ரத்தமா ஆள் ரத்தமா என்று அந்தச் சோதனைக்கு அடையாளம் தெரியாது. ஒருவர், யாராவது ஒருவர், ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்து நானும் வேறு வேலை பார்க்கப் போயிருப்பேன்.

ரகுபதி பொரியலைச் சாப்பிட்டான். மறுநாள் சாம்பிள் இன்னும் கறுத்தது. டாக்டர் ஜெகதீசன் முகம் மலர்ந்தது. ரத்தப்போக்கு அதிகரித்திருக்கிறது என்று மங்கம்மாவிடம் அறிவித்தார். அவள் மறுநாள் இரண்டு ஆட்டு ரத்தம் வாங்கினாள். அதற்கடுத்த நாள் சாம்பிள் நிற அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டிப்போனது. இழந்த ரத்தத்தை ஈடுகட்ட டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்று அதன் அட்டையிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். பொடி எழுத்தைப் படிப்பது நோயாளியின் பொறுப்பு. ஆக, மனைவி ஒரு பக்கமும் மருத்துவமனை ஒரு பக்கமும் நின்று ரகுபதிக்குத் தார் பூசினார்கள். நடுவில் அவன் பேசாமல் தின்றான், முழுங்கினான், டப்பாவை நிரப்பினான்.

"இன்னாய்யா, இன்னும் நிக்கலியா ரத்தம்?" என்றாள் மங்கம்மா.

"எங்க நிக்குது, நாளுக்கு நாள் ஜாஸ்திதான் ஆவுது. ஆனா பசி மட்டும் ஷோக்கா எடுக்குது."

"அது சாவப்போற பசியா இருக்கப்போவுது. இன்னொரு கரண்டி துன்னு."

மேலிருந்து குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பை சுத்தமாக இருந்தது. கீழிருந்து குழாய் விட்டார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. சாதாரண மருத்துவமனையாக இருந்தால் ஒன்றும் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே ஆலோசனைக் கூட்டம் கூட்டினார்கள். ரகுபதியையும் ஓர் ஓரமாக உட்காரவைத்தார்கள், மேசையின் நடுவில் டப்பாவை வைத்தார்கள். டாக்டர் ஜெகதீசன் எழுந்து, மறைந்திருக்கும் ரத்தத்தை நம் பிரிவு கண்டுபிடித்துவிட்டது, இனி அது எங்கே மறைந்திருக்கிறது என்பது மட்டும்தான் பாக்கி என்றார். எதுவும் தென்படாமல் இவ்வளவு ரத்தம் போகிறதென்றால் இது உலகத்துக்கே புதிய நோய் என்றும், இதற்கு நெட்டுக்குப்பம் நோய் என்று பெயர் வைத்துத் தாம் வெளிநாட்டு மாநாட்டில் பேசப்போவதாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். ரகுபதியும் தட்டினான், தன் ஊர்ப் பெயர் வெளிநாடு போகிறதே என்று ஒரு நிமிஷம் பெருமையாகக்கூட இருந்தது. பிறகு தடை முடியப் போகிறது என்கிற நினைவு வந்து கைதட்டலை நிறுத்தினான்.

பக்கத்துக் கட்டிலில் பஷீர் பாய் படுத்திருந்தார். தண்டையார்பேட்டையில் கயிறும் கொக்கியும் விற்கிற கடைக்காரர். அவருக்கும் கறுப்புதான். ஆனால் ரகுபதியுடையது கறுப்பாக இருந்தாலும் திடமாக, பார்க்க லட்சணமாக இருந்தது. பாயுடையது தார் மாதிரி பசபசவென்று டப்பாவில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. அதைவிட அதன் நாற்றம். அவர் கழிவறைக்குப் போய்வந்தால் வார்டே மூக்கைப் பொத்தியது. ரகுபதி கருவாட்டுக் களத்தில் வளர்ந்தவன், அவனாலேயே தாங்க முடியவில்லை.

பாயின் சாம்பிள் சோதனைக் குழாயை அடைத்துக்கொண்டதால், சாம்பிள் ஒத்துழைக்கவில்லை என்று எழுதினார்கள். நாற்றத்தைப் பற்றிச் செங்கொடி மேலிடத்துக்குச் சொன்னாள். அது மருத்துவ விஷயமல்ல, கட்டடப் பராமரிப்பு விஷயம் என்று பதில் வந்தது. ஒருவர் பினாயிலோடு வந்து பாயின் கட்டிலைச் சுற்றித் தெளித்துவிட்டுப் போனார். பாய் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தார். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானே மாத்திரை வாங்கித் தினம் இரண்டு வேளை முழுங்குகிறவர் அவர். இங்கே படுத்த பிறகும் தலையணைக்கடியிலிருந்து எடுத்து முழுங்கிக்கொண்டுதான் இருந்தார். யாரும் கேட்கவில்லை.

தடை நீங்க இரண்டு நாள் இருக்கையில் மருத்துவமனையின் சேர்மன் சுற்றுப்பயணம் வந்தார். மறுநாள் அவர் பிறந்த நாள். அன்றைக்குத்தான் புது மலப் பரிசோதனை மையத்தின் திறப்பு விழா. வெளிநாட்டிலிருந்து ஒரு மெஷின் வந்திருந்தது. டப்பாவை உள்ளே வைத்தால் நிறம், வடிவம், ரத்தம், கிருமி எல்லாவற்றையும் சுவரிலிருக்கும் பெரிய திரையில் போட்டுக் காட்டும். சேர்மன் வார்டுக்குள் வந்தபோது மங்கம்மா கேரியரைத் திறந்துகொண்டிருந்தாள். அவர் நின்றார். மூக்கை இழுத்தார். பின்னால் வந்த கூட்டத்தை வெளியே போகச் சொல்லிவிட்டு மெதுவாகக் கிட்டே வந்தார்.

அவரும் திருவொற்றியூரில் பிறந்து வளர்ந்தவர்தான். பெரிய ஆள் ஆனதிலிருந்து வீட்டில் வேகவைத்த காய்கறியைத் தவிர வேறு எதுவும் கண்ணில் காட்டுவதில்லையாம். ஒரு வாய் வாங்கினார். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ரகுபதியின் பங்கு முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். கண் கலங்கிவிட்டது. ராத்திரிக்கும் கொஞ்சம் கொடுத்தனுப்ப முடியுமா என்று மங்கம்மாவிடம் கேட்டார். டாக்டர் ஜெகதீசனுக்குத் தெரிய வேண்டாம் என்றார். மங்கம்மாவுக்குச் சாப்பிடுகிற மனிதரைப் பிடிக்கும். ஒரு தூக்கு நிறையக் கொடுத்தனுப்பினாள்.

திறப்பு விழாவுக்கு நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். நோயாளிகளையும் உடை மாற்றி, கூட இருந்த வீட்டாரோடு வரிசையாக உட்காரவைத்தார்கள். சேர்மன் பேசினார்.

"நான் சிறுவனாக இருந்தபோது இந்தத் திருவொற்றியூரில் எனக்கு வயிற்றுப்போக்கு வந்தால் என் தாயார் மோரும் உப்பும் கலந்து கொடுத்து ஒரே நாளில் நிறுத்திவிடுவார். எந்தப் பரிசோதனையும் கிடையாது. எந்த நிபுணரும் கிடையாது. அந்தக் கொடுமை இனி எந்தக் குழந்தைக்கும் நேரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த மையம்."

கைதட்டல் அடங்கியதும், மெஷினுக்கு முதல் சாம்பிளைச் சேர்மனே வழங்குவார் என்று அறிவித்தார்கள். வெள்ளித் தட்டில் பட்டுத் துணி விரித்து ஒரு டப்பா வந்தது. நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு மாறியது. டாக்டர் ஜெகதீசன் இரண்டு கையாலும் டப்பாவை எடுத்து மெஷினுக்குள் வைத்தார். சுவர் அளவு திரையில் எழுத்துகள் வந்தன. நிறம்: கடும் கறுப்பு. ரத்தம்: உண்டு. இயல்பு நிலை: இல்லை. கூடவே சிவப்பு விளக்கு சுற்றிச் சுற்றி எரிந்தது.

நாதஸ்வரம் நின்றது. வாசித்தவர் அப்படியே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேர்மன் மங்கம்மாவைப் பார்த்தார், மங்கம்மா மேற்கூரையைப் பார்த்தாள். மெஷின் தப்பு என்று சொல்ல முடியாது, அதைத் தேர்ந்தெடுத்தவர் சேர்மன். சேர்மனுக்கு நோய் என்றும் சொல்ல முடியாது, அன்று அவர் பிறந்த நாள். டாக்டர் ஜெகதீசன் இப்படிப்பட்ட இக்கட்டில்தான் தலைவர் ஆனவர். மைக்கை வாங்கினார்.

"நண்பர்களே, நேற்றுவரை நாம் பழுப்பு நிறத்தை இயல்பு என்று நம்பிவந்தோம். எந்த ஆதாரத்தில்? பெரும்பாலானோருக்கு அப்படி வருகிறது என்ற ஒரே காரணத்தால். பெரும்பாலானோர் யார்? அவர்கள் என்ன படித்தவர்கள்? ஒரு நிறுவனத்தையாவது நடத்தியவர்களா? நமக்கு முன்னால் இருப்பது வெற்றி பெற்ற ஒரு மனிதரின் மலம். இன்று முதல் சுகசாகரத்தில் இயல்பு நிறம் கறுப்பு. இப்படி மாற்றிக்கொள்கிற துணிச்சலுக்குப் பெயர்தான் அறிவியல்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. மெஷினுக்குள் அளவுகளை மாற்றினார்கள். சிவப்பு விளக்கு பச்சையானது. நாதஸ்வரக்காரர் மூச்சு விட்டார். மாலைக்குள் கறுப்பு நோயாளிகள் அனைவருக்கும் ஃபிட் என்று சான்று எழுதிக் கையில் கொடுத்து வெளியே விட்டார்கள். நெட்டுக்குப்பம் நோய் பிறந்த வாரத்திலேயே ஒழிக்கப்பட்டது. ரகுபதிக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. விடிந்தால் தடை நீங்குகிறது, கையில் சான்று இருக்கிறது, சக்கரம் அவனுடையது.

பஷீர் பாய்க்கும் சான்று கொடுத்திருந்தார்கள். அவர் கறுப்பு இன்னும் உயர்தரமாம். அவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டினார், நடைபாதையில் அப்படியே குந்திவிட்டார். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை. "தம்பி, கண்ணு இருட்டிகினு வருது. என்னை எங்கனா இட்டுகினு போ" என்றார்.

ரகுபதி காசிமேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தான். சாயங்காலமே போய்ப் படகில் ஐஸ், டீசல் எல்லாம் சரிபார்க்க வேண்டும். டிரைவர் வரவில்லை என்றால் குணசேகரன் ராத்திரியே அடுத்தவனுக்குச் சொல்லிவிடுவார். அவனுக்குப் பாய்மேல் கோபம்கூட வந்தது. விழுவதற்கு நல்ல நாள் பார்த்தார் மனிதர். பிறகு ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி, அவரைத் தூக்கி உள்ளே போட்டு, தானும் ஏறி, கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னான்.

அங்கே டூட்டியில் டாக்டர் ஹஃப்சா இருந்தாள். வயது முப்பதுகூட இருக்காது, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருவளையம். பாயின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நாடி பிடித்தாள். மலம் கறுப்பா, ஒட்டுமா, நாறுமா என்று கேட்டாள். நாறுதான்னு கேக்கிறியேம்மா, பினாயில் அடிச்சாங்கோ என்றான் ரகுபதி. வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அடுத்த கேள்வி. பாய் ஜிப்பா பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அவ்வளவுதான், அவள் நர்ஸைக் கூப்பிட்டாள். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம், உடனே ரத்தம் ஏற்ற வேண்டும், அந்த மாத்திரையை இனி தொடக் கூடாது என்றாள்.

"இத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருந்தீங்களே, இந்த மாத்திரையைப் பத்தி ஏன் சொல்லலை?"

"கேக்கலையேம்மா" என்றார் பாய்.

ரத்தம் தேவை என்றதும் ரகுபதி சட்டைக் கையை மடித்தான். பிறகுதான் தனக்கே ரத்தம் போகிற நோய் என்பது நினைவுக்கு வந்து கையை இறக்கினான். டாக்டர் என்னவென்று விசாரித்தாள். அவன் முழுக்கதையும் சொன்னான். முகாமுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள் என்றாள். சொன்னான். ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு? சொன்னான். அவள் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அழுகிறாளோ என்று பயந்துபோனான். தோள் குலுங்கியது, சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் விரலில் குத்திப் பார்த்ததில், அந்த வார்டிலேயே அதிக ரத்தம் அவனுக்குத்தான் இருந்தது. பொரியலை நிறுத்துங்கள், தானாகப் பழுப்புக்கு வந்துவிடும் என்றாள். பழுப்புக்கு வந்தால் அன்ஃபிட் ஆகிவிடுவேனே என்று அவன் கவலைப்பட்டான். அதற்கு அவளிடம் வைத்தியம் இல்லை.

பாய்க்கு ரத்தம் கொடுத்து, அவர் வீட்டுக்குச் சொல்லி, அவர்கள் வந்துசேர்ந்த பிறகு அங்கிருந்து கிளம்பினான். காசிமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. துறைமுகம் காலியாக இருந்தது. எல்லாப் படகும் போய்விட்டது என்று நினைத்தான். பாய் பிழைத்தார் என்று சொல்லிச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டு நடந்தான். வரிசையின் கடைசியில் ஒரே ஒரு படகு நின்றுகொண்டிருந்தது. அது குணசேகரன் படகு. ஆட்கள் அத்தனை பேரும் வலைமேல் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

குணசேகரன் ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். முந்தின நாள் மாலையே சுகசாகரத்திலிருந்து அறிவிப்பு வந்துவிட்டதாம். பழைய சான்றெல்லாம் செல்லாது. பழுப்பு வந்தவர்கள் அனைவரும், சக்கரத்துக்குக் காத்திருந்தவன் உட்பட, அன்ஃபிட். கறுப்பு சாம்பிள் கொடுத்துப் புதுச் சான்று வாங்காமல் படகு வெளியே போனால் இன்ஷூரன்ஸ் கிடையாது. "மொத்த போட்லயும் நீ ஒருத்தன்தான் ஃபிட்டு, நைனா. ஒருத்தனா வலை இழுப்பியா?" என்றார்.

ரகுபதி சிரித்தான். எத்தனை வாரம் கழித்து அப்படிச் சிரித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை. மங்கம்மாவுக்குப் போன் போட்டான்.

அன்று மாதவரம்வரை எந்தக் கறிக்கடையிலும் ஆட்டு ரத்தம் மிச்சமில்லை. கல்யாண அண்டாவில் மங்கம்மா பொரியல் கிண்டினாள். ஆட்கள் இரண்டு வேளை தின்றார்கள், மூன்றாவது வேளை கெஞ்சினார்கள், அப்போதும் விடவில்லை. சேதி எப்படியோ பரவி, மணலி கம்பெனிகளுக்குச் சான்று வேண்டிய கான்டிராக்ட் ஆட்களும், மாத்தூரிலிருந்து கேன்டீன் சமையல்காரர்களும் தட்டோடு வந்து நின்றார்கள். ஒரு நாள் விட்டு அடுத்த நாள் காலையில் படகு ஆட்கள் டப்பாக்களோடு சுகசாகரத்துக்குள் வரிசையாகப் போனார்கள். பச்சை விளக்கு ஒரு தடவைகூட அணையவில்லை. இவ்வளவு ஆரோக்கியமான உழைப்பாளிகளைத் தாம் பார்த்ததில்லை என்று டாக்டர் ஜெகதீசன் ஒவ்வொருவர் டப்பாவையும் வணங்கி அனுப்பினார்.

அன்று பகலே படகு கிளம்பியது. ரகுபதி சக்கரத்தைப் பிடித்தான். துறைமுக வாயைத் தாண்டி, எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் பின்னால் சிறுத்துக்கொண்டு போகையில் அவன் சக்கரத்தைத் தட்டிக்கொடுத்தான். பின்பக்கத்தில் ஒருவன் கயிற்றைப் பிடித்துக் குந்தியிருந்தான். திரும்பிப் பார்க்காதேடா என்று ரகுபதி இங்கிருந்தே கத்தினான்.

அப்போது வயர்லெஸ் கரகரத்தது. குணசேகரன் குரல், மூச்சிரைக்க.

"ரகு, போட்டைத் திருப்பு. சேர்மனுக்கு இன்னிக்குப் பழுப்பா வந்துட்டுதாம். பழையபடி பழுப்புதான் நார்மலாம், டாக்டரு மைக்குல சொல்ட்டாரு. நீங்க மொத்தப் பேரும் அன்ஃபிட்டு. உடனே வந்து அட்மிட் ஆவணுமாம்."

ஆட்கள் ரகுபதியின் முகத்தைப் பார்த்தார்கள். அவன் ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்தபடி மறு கையால் மைக்கை எடுத்தான்.

"அண்ணே, நாளைக்கு அவுருக்கு இன்னா கலருல வருதுன்னு பாத்துட்டுச் சொல்லு. அதுவரிக்கும் நாங்க மீன் புடிச்சிகினு கீறோம்."

வயர்லெஸை அணைத்துவிட்டு எஞ்சினை முடுக்கினான்.